கால் வைக்கிற இடம்

அம்மா செத்துப்போன சேதியைச் சொல்ல வந்தவன், சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, மாமா வீட்டு வாசலில் நாலு எட்டு நடந்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

அரவிந்தனுக்கு இது புதிதில்லை. டர்போ வைத்த வண்டியை ஓடிவந்த சூட்டோடு சட்டென்று நிறுத்தினால் உள்ளே எண்ணெய் கருகிவிடும். அதனால் சாவியை எடுத்த பிறகும் ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, பிறகு தானாக அணைக்கிற ஒரு டைமரை அவனே மாட்டியிருந்தான். கல்லூரி வாசலிலும் கல்யாண மண்டபத்து வாசலிலும் பார்த்தவர்கள் வாயைப் பிளந்த சாமான் அது. கேதம் சொல்லப் போகிற வீட்டு வாசலில் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் தயாரித்தவன் யோசிக்கவில்லை.

தங்கையன் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சவரம் செய்கிற கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, அதில் தன் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் போலவே அவருக்கும் சர்க்கரை. அந்தக் குடும்பத்தில் நிலம் எல்லாருக்கும் சமமாக வந்துசேரவில்லை, சர்க்கரை வந்துசேர்ந்திருந்தது. தங்கச்சிக்குக் கால் போன நாளிலிருந்து காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அவர் இந்தத் தரிசனத்தை முடித்துவிடுவார்.

"வண்டிய நிறுத்திட்டு வாடா."

"நிறுத்திட்டேன் மாமா."

"ஓடுதே."

"தானா நிக்கும் மாமா."

மாமா வண்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் எதையும் சொல்ல வேண்டும். அம்மா செத்ததை எப்படிக் கத்திச் சொல்வது. நிற்கட்டும் என்று அரவிந்தன் நின்றான். மாமாவும் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். அந்த ஒரு நிமிடத்தில், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்ததையும், காலில் இரண்டு வேறு செருப்பு இருந்ததையும், முகம் இருந்த இருப்பையும் பார்த்து பிரகதாம்பாள் அத்தை உள்ளிருந்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு கூந்தலை அவிழ்த்தபடி வெளியே வந்துவிட்டாள். எஞ்சின் ஒருமுறை குலுங்கி நின்றது. அத்தை ஓலமிட ஆரம்பித்தாள்.

"அமிர்தமா?" என்றார் மாமா.

"விடியக்காலைல மாமா."

மாமா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் சொன்னால் அது தகவல். நேரில் போய்ச் சொன்னால்தான் கேதம். அதிலும் பெண்பிள்ளை செத்தால் பிறந்த வீட்டுக்கு ஆள் போய்ச் சொல்லி, அங்கிருந்து அண்ணனோ தம்பியோ கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்தினால்தான் பாடையைத் தூக்குவார்கள். பெற்ற மகன் பிணத்தை விட்டுவிட்டு வெளியே கிளம்புவதா என்று கீழ்வேளூரில் பங்காளிகள் முகம் சுளித்தார்கள். அப்பாதான், "நீயே போ. வேற யாரு போனாலும் அவரு வரமாட்டாரு" என்று அனுப்பினார்.

அவன் போனாலும் வருவார் போலத் தெரியவில்லை.

"கோடி போடணும் மாமா. அப்பா சொல்லச் சொன்னாங்க."

"உங்கப்பன் சொல்லச் சொன்னானா." மாமா மெதுவாக எழுந்தார். "கால்ல சொரணை இல்லாத பொம்பளைய உச்சிவெயில்ல வெறுங்காலோட கோயிலச் சுத்த வச்சு, உள்ளங்கால வேகவச்சுக் கூட்டியாந்தவன். விரல எடுத்தாங்க, அப்புறம் பாதத்த எடுத்தாங்க, இப்ப ஆளையே எடுத்தாச்சு. அந்த ஆளு எனக்குச் சொல்லி விடுறானா?"

"ஏங்க, பச்சப்புள்ள மாதிரி நிக்கிறான், அவன்கிட்ட போயி," என்று அத்தை ஓலத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள். அழுகையை நடுவில் நிறுத்தி, வேலையைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிற திறமை அவளுக்கு உண்டு. "திருத்துறைப்பூண்டில கடை எத்தன மணிக்குத் தொறப்பான்னு பாருங்க. அமிர்தத்துக்கு அரக்குன்னா உசுரு."

"சேலை எடுப்பேன். வருவேன்," என்றார் மாமா. "போடுறது எப்பன்னா, உங்கப்பன் ஊருக்கு முன்னாடி நின்னு 'என் தப்புதான்'னு சொன்னதுக்கு அப்புறம். அதப் போயி சொல்லு."

அரவிந்தன் தலையாட்டினான். இந்த இடத்தில்தான் அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம், எழுவாய், பயனிலை எல்லாம் தயாராகத் தொண்டையில் இருந்தது. திறந்தான். "தண்ணி வேணும் அத்த" என்று வந்தது.

*

திரும்பி வரும்போது முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் மூன்று மீட்டர்கள் ஒளிர்ந்தன. தண்ணீர்ச் சூடு, எண்ணெய்ச் சூடு, புகைச் சூடு. மூன்றும் நல்ல பிள்ளைகளாக இருந்தன. அவன் அந்த வண்டிக்குச் செய்தது எல்லாம் சூட்டுக்கு எதிரான யுத்தம்தான். பழைய டீசல் கார். முதலில் பெரிய டர்போ. வேகம் வந்தது, கூடவே பானட்டுக்கு அடியில் ஒரு செங்கல் சூளையும் வந்தது. புகை போகும் குழாய்க்குப் பட்டை சுற்றினான். இன்னொரு விசிறி மாட்டினான். பானட்டின் பின்பக்கக் கீலுக்கு அடியில் வாஷர் போட்டு அரை அங்குலம் தூக்கி, சூடு வெளியேற வழி செய்தான். அன்றிலிருந்து ஊரில் பார்க்கிறவர் எல்லாம், "தம்பி, பானட்டு சரியா மூடல" என்று ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் போவார்கள்.

இதற்கெல்லாம் குரு நாகூரில் பட்டறை வைத்திருக்கிற ஷஹ்பாஸ். பெரிய டர்போவுக்குப் பெரிய குழாய் வேண்டும் என்று, கம்பெனி குழாயைக் கழற்றிவிட்டுக் கைமுட்டி பருமனில் ஒன்றை வளைத்து வெல்டு வைத்தவன் அவன்தான். அந்தக் குழாய்க்கும் வண்டியின் தரைக்கும் நடுவில் கம்பெனியே ஓர் அலுமினியத் தகட்டை வைத்திருந்தது. புதுக்குழாய் பருமனுக்கு அது இடிக்கவே, கழற்றினார்கள்.

"மச்சி, இதுக்குப் பதிலா வேற தகடு வளைச்சு வைக்கணும்," என்று அப்போதே ஷஹ்பாஸ் சொன்னான். "சூட்ட அழிக்க முடியாதுடா. எடத்த மாத்தத்தான் முடியும். இங்கேருந்து வெரட்டுனா வேற எங்கயாச்சும் போயி உக்காரும்."

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றான் அரவிந்தன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். வெப்பக் கடத்தல் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். தகடு என்பது வெளியே தெரியாத சாமான். மீட்டர் வெளியே தெரியும். அந்த வாரம் மீட்டர் வாங்கினான். கழற்றிய தகட்டைக் கொல்லையில் போட, அம்மா அதை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல கனமா இருக்கேடா. வெந்நீர் அடுப்புக்குக் காத்து மறைப்பா இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. குழிகுழியாக, மீன்செதில் மாதிரிப் பளபளத்துக்கொண்டிருந்தது ஒரு வாரத்தில் கரியேறிக் கறுத்துவிட்டது.

சித்திரையில் பெரம்பலூருக்கு அந்தப்பக்கம் இருக்கிற குலதெய்வத்துக்குப் படையல் போடப் போனார்கள். குலதெய்வத்துக்குக் கிளம்பினால் அம்மா வீட்டிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவாள். சாமியைப் பார்த்துத் திரும்பி வீடு வரும்வரை காலில் போடமாட்டாள். பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்பதால் அவளுக்கு எப்போதும் முன்சீட்டு. அப்பா பின்னால் தேங்காய் மூட்டையோடு. புறவழிச்சாலையில் அரவிந்தன் வண்டியை விரட்டினான். பின்னாலிருந்து அப்பா, "சாமி எங்கயும் ஓடிப்போயிடாதுடா" என்றார். அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. முந்தப்படுகிற ஒவ்வொரு பஸ்ஸையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அரியலூர் தாண்டும்போது, "என்னமோ ரப்பர் நாறுதுடா" என்றாள்.

அவனுக்கும் நாறியது.

"ரோட்டுல தாரு உருகுதும்மா. வெயில்ல," என்றான்.

கோயிலில் கல் தரை சுட்டது வாஸ்தவம். எல்லாருக்கும் சுட்டது, எல்லாரும் துள்ளினார்கள். அம்மா மட்டும் துள்ளாமல் நிதானமாகச் சுற்றினாள். பக்தி என்று பூசாரி சொன்னார். இரண்டு நாள் கழித்துக் கொல்லைக் கிணற்றடியில் தற்செயலாகக் குனிந்து பார்த்தபோது வலது உள்ளங்காலில் ஒரு கொப்புளம், அப்பளம் அளவுக்கு உடைந்து கிடந்தது.

மன்னார்குடியிலிருந்து வந்த அக்கா குந்தவைதான் மருந்து வைத்துக் கட்டினாள். மருந்துக்கடை வைத்திருக்கிறவள், கேள்வி கேட்டுப் பழகியவள்.

"கல்லு சுட்டா ரெண்டு காலும்ல சுடணும்? வலது கால் மட்டும் எப்புடிம்மா?"

"வலது கால ஊணித்தான்டி சாமி கும்புட்டேன்," என்றாள் அம்மா.

அரவிந்தன் அப்போது நிலைப்படியில் நின்றிருந்தான். முன்சீட்டில் உட்கார்ந்தால் குழாய் ஓடுவது வலது காலுக்குப் பக்கத்தில். அன்று சாயங்காலம் வண்டியைத் திறந்து பார்த்தான். முன்சீட்டுக்கு அடியிலிருந்த ரப்பர் மிதியடியைக் காணோம். கொல்லைக்குப் போனபோது, துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்:

"அந்த மிதியடியக் குப்பைல போட்டுட்டேன்டா. ஒரே நாத்தம்."

அவ்வளவுதான். அதற்குமேல் அம்மாவும் பேசவில்லை, மகனும் கேட்கவில்லை. அப்பாவின் தலையில் கோயில் கல் விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதன் பிறகும் அவன் அந்தத் தகட்டை வைக்கவில்லை. வைத்தால் ஏன் வைத்தாய் என்று கேள்வி வரும். சரிசெய்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே தரை சுட்டபடியே இருந்தது. முன்சீட்டில் மட்டும் யாரையும் உட்கார வைக்காமல் பார்த்துக்கொண்டான். ஆறுமாதம் மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்து, வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியையும் வைத்து ஓட்டினான். "பையன் எவ்வளவு பதவிசா அம்மாவப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போறான் பாரு" என்று தெருவில் பேர் கிடைத்தது. அந்தப் பேரையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

*

வீட்டு வாசலில் சாமியானா போட்டாகிவிட்டது. அம்மா ஐஸ் பெட்டிக்குள் கண்ணாடிக்குக் கீழே கிடந்தாள். பாதம் இருந்த இடத்தில் சேலையை மடித்துப் புடைப்பாக வைத்திருந்தாள் அக்கா. பார்க்க இரண்டு காலும் இருப்பது போலவே இருந்தது.

ஐஸ் பெட்டி என்பதும் சூட்டை இடம் மாற்றுகிற யந்திரம்தான். உள்ளே குளிர வைத்து, உறிஞ்சிய சூட்டை ஒரு பக்கமாக வெளியே ஊதும். அது ஊதுகிற பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். வேட்டி படபடத்தது. நெற்றியில் வேர்வை. அரவிந்தன் போய், "இந்தப் பக்கம் வாங்கப்பா, சூடா அடிக்குது" என்றான்.

"இருக்கட்டும்," என்றார் அப்பா தியாகராசன். "மச்சான் என்ன சொன்னாரு?"

சொன்னான். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். சொந்தச் சரக்கைச் சேர்க்காமல் பிறர் சொன்னதை மட்டும் சொல்வதில் அவ்வளவு நேர்மை.

அப்பா கேட்டுக்கொண்டார். ஐஸ் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார் என்று அரவிந்தனுக்குத் தோன்றியது.

"சரி," என்றார். "சாப்பிட்டியா? பக்கத்து வீட்டுல காபி போட்டு வச்சிருக்காங்க. போ."

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. காபி குடிக்கக் கொல்லைப்பக்கமாகப் போனபோது வெந்நீர் அடுப்பு சாம்பலோடு குளிர்ந்து கிடந்தது. தகடு மட்டும் தன் வேலையில் நின்றது, நெருப்பே இல்லாத அடுப்புக்கு.

ஷஹ்பாஸ் நாகூரிலிருந்து வந்திருந்தான். வந்தவன் அரவிந்தன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவன் பார்வையும் அடுப்புப் பக்கம் போய், தகட்டில் கொஞ்சம் தங்கி, திரும்பியது. அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று அரவிந்தன் கேட்கவில்லை. வாசலில் ஒரு பங்காளிப் பெரியவர் சாவுத் துக்கத்தோடு பானட்டை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் மாமாவின் வேன் வந்தது. முதலில் அத்தை இறங்கி, தெருமுனையிலேயே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவளோடு பத்துப் பெண்கள். கடைசியாக மாமா. மேல்சட்டை இல்லை, தோளில் துண்டு. கையில் தாம்பாளம், அதில் அரக்குச் சேலை, மாலை, தேங்காய். செருப்பைச் சாமியானா ஓரத்தில் மற்றச் செருப்புகளோடு விட்டுவிட்டு உள்ளே வந்தார். பெட்டிவரை வந்து தங்கச்சி முகத்தைப் பார்த்தார். தாம்பாளத்தைக் கீழே வைக்கவில்லை.

"எங்க அந்த ஆளு?"

அழுகை நின்றது.

அப்பா எழுந்து வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வாங்க மச்சான்."

"வர்றது இருக்கட்டும். அவள உச்சிவெயில்ல கல்லுல நடத்துனது யாரு?"

"நான்தான்."

"சக்கரைக்காரி. கால்ல சொரணை இல்லாதவ. தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மச்சான்."

"ஒரு துண்ட நனைச்சுக் கீழ போடணும்னு தோணலியா? ஒரு சாக்க விரிக்கணும்னு தோணலியா? முப்பது வருசம் குடும்பம் நடத்துன மனுசனுக்கு?"

"தோணல."

அரவிந்தன் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தான். இப்போது சொல்ல வேண்டும். கோடி போடுவதற்கு முன் சொன்னால் கலாட்டா ஆகும், போட்டபின் சொல்லலாம் என்று நினைத்தான். போட்டபின் குளிப்பாட்டு இருக்கிறது, அதற்குப்பின் சொல்லலாம். பிறகு கொள்ளி, அதற்குப்பின். நல்ல காரியத்தைத் தள்ளிப்போட மட்டும் ஒரு பட்டம் கொடுப்பதாக இருந்தால் பல்கலைக்கழகம் அவனைத் தேடி வீட்டுக்கே வந்திருக்கும். எதிரே அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து, சரியாகவே இருந்த மாலையைச் சரிசெய்தான்.

"சொல்லு," என்றார் மாமா. "ஊரு கேக்கட்டும்."

"என் தப்புதான் மச்சான்," என்றார் அப்பா. "நான் பாத்திருக்கணும். பாக்கல."

யாரோ ஒரு பெண் விசும்பினாள். மாமா அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. சண்டை பிடிக்க வந்தவருக்கு மறுபக்கம் ஆள் இல்லாமல் போனால் என்ன செய்வார். தாம்பாளத்தை அத்தையிடம் கொடுத்துவிட்டு, சேலையைப் பிரித்து, பெட்டியைத் திறக்கச் சொல்லி, தங்கச்சிமேல் போர்த்தினார். கழுத்துவரை இழுத்துவிட்டு, கால்மாட்டுக்குப் போனார். அங்கே சேலையைச் சொருகப் போனவர் கை, மடித்து வைத்திருந்த துணிப்புடைப்பில் பட்டு அழுந்தியது. அப்போதுதான் உடைந்தார்.

சுடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் அரவிந்தன் கையில் தீச்சட்டி. வாய்க்கால் கரையில் காற்றுக்கு அது கனன்று, கட்டியிருந்த கயிறு வழியாக விரலைச் சுட்டது. பின்னால் வந்த பங்காளி, "மாத்திப் புடிடா, சுடப்போவுது" என்றார். அவன் மாற்றவில்லை. சுட்டுக்கொள்வதால் எதுவும் ஈடாகிவிடாது என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

*

வேன் அன்றைக்கே திரும்பிப் போய்விட்டது. மாமா மட்டும் மறுநாள் பால் தெளிப்புக்காகத் தங்கினார். அது முடிந்து குளித்து வந்ததும், "நான் கெளம்புறேன். பஸ்ஸப் புடிச்சாச் சரியா இருக்கும்" என்றார். அப்பாவிடம் சொல்லவில்லை, சாமியானாக் கம்பைப் பார்த்துச் சொன்னார்.

கிளம்பப் போனால் செருப்பைக் காணோம். சாவு வீட்டுச் செருப்புக் குவியலில் யார் யாருடையதை மாட்டிக்கொண்டு போனார்கள் என்பது சித்திரகுப்தனுக்கே தெரியாது. மிஞ்சிக் கிடந்தவை இரண்டு இடதுகால் செருப்புகளும், ஒரு குழந்தைச் செருப்பும்.

"மாமாவ வண்டில கொண்டுபோயி விட்டுட்டு வாடா," என்றாள் அக்கா. "வெறுங்கால்ல பஸ்ல எப்புடிப் போவாரு?"

பின்சீட்டு முழுக்கப் பாத்திரமும், திருப்பிக் கொடுக்க வேண்டிய ஜமுக்காளமும் அடைத்துக் கிடந்தன. மாமா முன்கதவைத் திறந்தார்.

அரவிந்தன் ஓட்டுகிற பக்கம் நின்றிருந்தான். மாமாவின் வெறுங்கால்களைப் பார்த்தான். தினமும் கண்ணாடியில் பார்த்து, எண்ணெய் போட்டு, நகம் வெட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிற கால்கள். 'பின்னாடி ஒக்காருங்க மாமா' என்றால் ஏன் என்பார். 'யாரு செருப்பையாச்சும் போட்டுக்குங்க' என்றால் ஏன் என்பார். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஏன் வழியில் நின்றது. மெதுவாகப் போனால் அவ்வளவாகச் சுடாது என்று ஒரு கணக்குப் போட்டான். ஐம்பதைத் தாண்டாமல் போகலாம். நடுவில் ஒருமுறை நிறுத்தி டீ குடிக்கலாம். கணக்குப் போட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். வண்டி உறுமியது.

"இருங்க மச்சான்."

அப்பா கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தார். ஒரு கையில் நெல்லுச்சாக்கு. இன்னொரு கையில் தகடு. முதலில் அரவிந்தனுக்கு அது எந்தத் தகடு என்றே தெரியவில்லை. கரி போகச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தார். குழிகுழியாக, மீன்செதில் மாதிரி மறுபடி மின்னியது. விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. காலையில் பால் தெளித்துவிட்டு வந்ததிலிருந்து அவரை ஆள் காணவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா மாமாவை நகரச் சொல்லிவிட்டு, முன்சீட்டுக்கு அடியில் குனிந்து, சாக்கை நாலாக மடித்து விரித்தார். அதன்மேல் தகட்டை வைத்தார். வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஏறி நிற்கும்படி வைத்து, கையால் அழுத்திப் பார்த்தார்.

"இதுமேல கால வச்சுக்குங்க."

"என்னது இது?"

"கீழ தரை சுடும் மச்சான். உங்களுக்கும் கால்ல சொரணை இல்ல. தெரியாது."

அப்பா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அரவிந்தனைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்தபடி வீட்டுக்குள் போய்விட்டார். வாசலில் நின்ற அக்காவும் அவர் பின்னாலேயே போனாள்.

மாமா ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். தகட்டைப் பார்த்தார். தகட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில், மிதியடி இல்லாத வெறும் தரையில் கறுப்பாக ஒட்டிக் கிடந்த ரப்பர்ப் பிசிறைப் பார்த்தார். குனிந்து அதை நகத்தால் சுரண்டினார். அது வரவில்லை.

"எப்பலேருந்து சுடுது?" என்றார்.

அரவிந்தன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்று மீட்டர்களிலும் முள் அதனதன் இடத்தில் இருந்தது.

"சித்திரைலேருந்து மாமா."

பானட்டுக்குள் விசிறி சுற்ற ஆரம்பித்தது. தெருவில் சாமியானாக்காரன் கம்பு பிடுங்கிக்கொண்டிருந்தான். மாமா முன்கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசிக் கம்பும் சாய்ந்த பிறகு, இரண்டு காலையும் மெல்லத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்து, பந்தியில் உட்காருவது போலச் சம்மணம் போட்டுக்கொண்டார். வேட்டியை இழுத்துப் பாதங்களை மூடிக்கொண்டார்.

"வண்டிய எடு."

எடுத்தான். கீழ்வேளூர் தாண்டி, வாய்க்கால் ஓரமாக, நடவு முடிந்த வயல்களுக்கு நடுவில் வண்டி ஐம்பதிலேயே போனது. மாமா காலைக் கீழே இறக்கவே இல்லை. சாக்கிலிருந்து உதிர்ந்த நாலைந்து நெல், யாரும் கால் வைக்காத அந்தத் தகட்டின்மேல் திருத்துறைப்பூண்டிவரை துள்ளிக்கொண்டே வந்தன.